இருதயத்துக்கு மட்டும் பூஜ்யம்

2019 ஆகஸ்ட் 6 — காய்ச்சல், வெளிநோயாளர் பிரிவு — 180
2020 பிப்ரவரி 11 — வயிற்று ஸ்கேன் — 650
2020 பிப்ரவரி 13 — குடல்வால் அறுவை — 9,400
2020 செப்டம்பர் 2 — வலது முழங்கால், எக்ஸ்ரே — 220
2021 ஜனவரி 19 — மனநல ஆலோசனை — 400
2021 மார்ச் 23 — மரபணுப் பரிசோதனை — 5,200
2019 ஆகஸ்ட் முதல் 2023 ஜூன் வரை — இருதயம் — 0

ஒரே பிள்ளை. நான்கு வருடத்தில் வயிற்றைப் பார்த்தார்கள், முழங்காலைப் பார்த்தார்கள், மனசைக்கூடத் துருவிப் பார்த்தார்கள். நன்றாக இருந்த குடல்வாலை அறுத்தெடுத்து, "அதுல ஒண்ணும் இல்லை" என்று சொல்லி, அந்த ஒன்றுமில்லாததற்கும் பணம் வாங்கினார்கள். கடைசி வரியில் நிற்கிற பூஜ்யத்தை மட்டும் யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பூஜ்யத்தோடு மல்லுக்கட்டிய ஒரு தாயின் கதை இது.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பதினோரு வருடமாக அதுதான் தொழில். சின்ன வெள்ளைக் கார், தலையில் மஞ்சள் பலகை. கற்றுக்கொள்கிறவர் ஓட்டுவார், பக்கத்து இருக்கையில் இவள். இவள் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு சிவப்பதற்கு முன்பே இவள் கால் அதில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் எந்தச் செருப்பு வாங்கினாலும் வலது காலுடையதுதான் முதலில் தேயும். மாணவர்கள் வைத்த பெயர் "பிரேக் அக்கா". அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"பிரேக்குங்கறது இடிக்கறதுக்கு முன்னாடி போடறது. இடிச்ச பிறகு போட்டா அதுக்குப் பேரு பிரேக் இல்ல, ஒப்பாரி" என்பாள். முதல் பாடமே இதுதான்.

கணவர் கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். கையெல்லாம் கீறல், வாயெல்லாம் நிதானம். இவளுக்கு நேர் எதிர். இருவருக்கும் ஒரே மகள். ஆள் சிறிசு, பேச்சு காரம் என்பதால் வீட்டில் அவளை மிளகு என்றுதான் கூப்பிடுவார்கள்.

மிளகுக்கு ஆறு வயதில் அந்தக் காய்ச்சல் தொடங்கியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும். உடம்பு அனலாய்க் கொதிக்கும், வயிறு பலகையாய் இறுகும், சில தடவை மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தும். இரண்டு நாள் துவண்டு கிடப்பாள். மூன்றாம் நாள் காலையில் எழுந்து, "எனக்குப் பசிக்குது, ஏன் எல்லாரும் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?" என்பாள். டாக்டரைப் பார்க்க முறை கிடைப்பதற்குள் காய்ச்சல் போன இடம் தெரியாது.

பள்ளியில் வகுப்பாசிரியை அதற்குத் "திங்கள்கிழமைக் காய்ச்சல்" என்று பெயர் வைத்தார். மனநல ஆலோசகர் அரைமணி நேரம் பேசிவிட்டு, "கவனத்தை ஈர்க்கப் பார்க்கிறாள்" என்று எழுதிக்கொடுத்தார். கணவருடைய அக்கா ஒருநாள் வந்து உட்கார்ந்து, "எங்க பக்கம் இந்த மாதிரி சீக்கெல்லாம் கிடையவே கிடையாது தம்பி" என்று தம்பியிடம் சொல்கிற சாக்கில் இவளுக்குக் கேட்கும்படி சொன்னார்.

மரபணுப் பரிசோதனை எழுதிக்கொடுத்தது ஒரு தற்காலிக டாக்டர். மூன்று மாதம் வேலை பார்க்க வந்தவர், அதற்குள் உருப்படியாக ஒன்றைச் செய்துவிட்டுப் போனார். முடிவு வந்தது. பரம்பரையாக வருகிற அழற்சி நோய். உடம்பின் காவல்காரனே, திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்து, யாருமே நுழையாத வீட்டை அடித்து நொறுக்குகிற நோய். தாயிடமிருந்து ஒரு பிழை, தகப்பனிடமிருந்து ஒரு பிழை, இரண்டும் சேர்ந்தால்தான் வரும்.

பிரேக் அக்கா அந்தத் தாளை நாத்தனாரிடம் நீட்டினாள். "பாருங்க அண்ணி. ஆளுக்குப் பாதி. கணக்கு சரியா இருக்கா?"

அண்ணி அதற்குப் பிறகு சீக்கைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளை ஏன் இப்படி மெலிந்திருக்கிறாள் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தினம் ஒரு மாத்திரை. ஒருநாள் விடாமல், ஆயுசுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காய்ச்சல் பிரிவுக்கு வரவேண்டும். மாத்திரை வேலை செய்தது. ஆனால் முழுசாகச் செய்யவில்லை. காய்ச்சல் குறைந்து வந்தது, வலி வந்து வந்து போனது. இதைத்தான் அவள் ஒவ்வொரு தடவையும் போய்ச் சொன்னாள்.

காய்ச்சல் பிரிவின் தலைவர் கனிவான மனிதர். அதுதான் பெரிய தொந்தரவு. கத்துகிற ஆளாக இருந்தால் திருப்பிக் கத்தலாம்.

"எப்படி இருக்கா நம்ம செல்லம்?"

"போன வாரம் ரெண்டு நாள் படுத்துட்டா டாக்டர். நடுவுல நெஞ்சு வலிக்குதுன்னா."

"இப்போ வலிக்குதா?"

"இப்போ இல்ல."

"பார்த்தா நல்லாத்தானே இருக்கா!" மிளகின் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு. தாளில் ஒரே சொல்: நலம்.

2021 நவம்பரில் நலம். 2022 பிப்ரவரியில் நலம், மே மாதம் நலம், ஆகஸ்டிலும் நலம். அன்றைக்கு வெளியே வரும்போது மிளகு கேட்டாள்: "அம்மா, ஆஸ்பத்திரிக்கு வர்ற அன்னிக்கு நான் நல்லா இருக்கறது என் தப்பா?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் பொருமினாள். அவர் கையிலிருந்த கண்ணாடிச் சிராயை இடுக்கியால் பிடுங்கிக்கொண்டே சொன்னார்: "நம்ம வண்டி கதைதான். தெருவெல்லாம் கடகடன்னு சத்தம் போடும். மெக்கானிக் வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினா பூனைக்குட்டி மாதிரி உறுமும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. வண்டி மெக்கானிக் முன்னால் சத்தம் போட வேண்டும் என்றால், சத்தம் போட வைக்க வேண்டும்.

2022 நவம்பரில் டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு நான்கு நாள் முன்னால் மிளகின் மாத்திரையை நிறுத்தினாள்.

"இது சரியாம்மா?" என்று கேட்டார் கணவர்.

"சரியில்லதான். வேற வழி தெரிஞ்சா சொல்லுங்க. இன்னிக்கே செய்யறேன்."

அவருக்கும் தெரியவில்லை. நான்காம் நாள் காத்திருக்கும் பெஞ்சிலேயே மிளகுக்கு உடம்பு கொதித்தது. டாக்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அடடா, இவ்வளவு இருக்கா!" என்று பதறிப்போய் அரை மாத்திரை கூட்டி எழுதினார். ஒரு வருடம் சொல்லியும் நடக்காதது ஐந்து நிமிடத்தில் நடந்தது. தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததே என்று நிம்மதிப் பெருமூச்சு விட்ட தாய் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தப் பெஞ்சில் அன்றைக்கு ஒருத்தி இருந்தாள். அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

பலித்த வித்தையை யார் விடுவார்கள்? 2023 பிப்ரவரியில் ஒருமுறை, மே மாதம் இன்னொரு முறை. மூன்று தடவை, தடவைக்கு நான்கு நாள்.

அந்த ஜூன் மாதத்தில்தான் அவளிடம் ஒரு டாக்டரம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள். முப்பது வயதிருக்கும். குழந்தைகளுக்கு இருதய ஸ்கேன் பார்க்கிற டாக்டர். அதே ஆஸ்பத்திரி, அதே தளம். காய்ச்சல் பிரிவிலிருந்து ஒரு தாழ்வாரம் தள்ளி. உரிமத் தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். இரண்டு முறையும் பின்னால் எடுத்து நிறுத்தும்போது கம்பத்தை இடித்திருக்கிறாள். பழைய ஓட்டுநர் பள்ளி கையை விரித்துவிட, "அங்க ஒரு பிரேக் அக்கா இருக்காங்க" என்று யாரோ அனுப்பிவைத்தார்கள்.

"கிளச்சை மெதுவா விடுங்க… மெதுவா… மெதுவான்னா மெதுவா! டாக்டரம்மா, இது வண்டி. தவளை இல்ல."

"சாரி அக்கா. நம்ப மாட்டீங்க, ஆஸ்பத்திரியில என் கை நடுங்கவே நடுங்காது."

"அங்க நீங்க பிடிச்சிருக்கறது ஊரார் இருதயம். இங்க என் இருதயம்ல கையில இருக்கு? கண்ணாடியப் பாருங்க. முன்னாடி இல்ல, பின்னாடி!"

"ரெண்டாவது கியர் போடட்டுமா?"

"இஞ்சின் என்ன சொல்லுதுன்னு கேளுங்க. மீட்டரைப் பார்க்காதீங்க. வேகம் சரியாத்தான் காட்டும், இஞ்சின் உள்ள முக்கிக்கிட்டுக் கிடக்கும். காதை வச்சுக் கேட்டு கியர் மாத்தணும்."

ஜூன் 27, செவ்வாய்க்கிழமை. டாக்டரம்மாவுக்கு ஆறாவது வகுப்பு. சந்தையைத் தாண்டும்போது பிரேக் அக்காவின் போன் அடித்தது. பள்ளியிலிருந்து. மிளகுக்கு நெஞ்சுவலி, வந்து அழைத்துப் போங்கள்.

"இடது பக்கம் திருப்புங்க. இன்னிக்குப் பாடம் பள்ளிக்கூடம் வரைக்கும்."

டாக்டரம்மா எதுவும் கேட்காமல் ஓட்டினாள். வண்டி ஒருமுறைகூடக் குதிக்கவில்லை.

மிளகு பள்ளிப் படிக்கட்டில் முன்னால் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் தொடங்கியிருந்தது. டாக்டரம்மா அவள் முன்னால் மண்டியிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மூச்சை இழுத்தா வலிக்குதாம்மா?"

"ம்."

"இப்படி முன்னால சாஞ்சா கொஞ்சம் தேவலையா?"

"ம். நீங்கதான் கம்பத்தை இடிக்கற ஆன்ட்டியா?"

"நானேதான்" என்று சிரித்தவள், நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை. "அக்கா, உடனே பயப்பட ஒண்ணுமில்ல. இவளுக்கு என்ன நோய்?"

பிரேக் அக்கா நோயின் பெயரைச் சொன்னாள்.

"இருதய ஸ்கேன் கடைசியா எப்போ எடுத்தீங்க?"

"இருதயமா? எதுக்கு? இவளுக்கு இருக்கறது காய்ச்சல் நோய் டாக்டரம்மா."

அந்தப் படிக்கட்டில் வைத்துத்தான் அவளுக்கு முதல்முறையாக அது சொல்லப்பட்டது. நோய் கண்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, ஆஸ்பத்திரிக்கு வெளியே, ஆறு வகுப்புப் பழக்கத்தில். இந்த நோயில் காய்ச்சல் இறங்கிய பிறகும் சில பிள்ளைகளுக்கு உள்ளே அழற்சியின் சூடு முழுக்க அடங்குவதில்லை. அது இருதயத்தின் உறையைத் தொடலாம், தசையை விறைக்க வைக்கலாம். பிள்ளை ஓடும், ஆடும், வெளியே ஒன்றும் தெரியாது. சாதாரண ஸ்கேனிலும் தெரியாது. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ரத்தம் வெளியே போகிறது என்றுதான் அது சொல்லும். தசை எவ்வளவு நீண்டு சுருங்குகிறது, சுருங்கியது எவ்வளவு சுலபமாகத் தளர்கிறது என்று அளக்க வேறு முறை இருக்கிறது. அதே மெஷின்தான். கூடப் பத்து நிமிடம் ஆகும்.

"நீங்கதானே சொன்னீங்க அக்கா? மீட்டர் சரியாத்தான் காட்டும், இஞ்சின் முக்கும்னு."

பிரேக் அக்காவிடமிருந்து ஒரே கேள்விதான் வந்தது. "ஒரு தாழ்வாரம் தள்ளித்தானே உட்கார்ந்திருக்கீங்க? நாலு வருஷமா எனக்கு ஏன் யாருமே சொல்லல?"

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "அவங்க அனுப்பினாத்தான் நாங்க பார்க்கணும்கா. அதுதான் விதி."

காய்ச்சல் இறங்கியதும் பிரேக் அக்கா மிளகைக் கூட்டிக்கொண்டு காய்ச்சல் பிரிவுக்குப் போனாள். தலைவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நெஞ்சுவலி இந்தக் காய்ச்சலோட கூட வர்றதுதாம்மா. நடந்தா மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"மயக்கம்? உதடு நீலம்?"

"இல்ல."

"அப்புறம் என்ன? ஸ்கேனுக்கு எழுத விதியில இடமில்ல. அறிகுறி வேணும். அப்படி ஏதாவது வந்துச்சுன்னா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம கூட்டிட்டு வாங்க."

"அப்படி வந்த பிறகு நான் கூட்டிட்டு வர மாட்டேன் டாக்டர். தூக்கிட்டு வருவேன்."

அவர் முகம் வாடியது. ஆனாலும் எழுதவில்லை. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிப்பதை முட்டாள்தனம் என்பார்கள். அதையே அச்சடித்துச் சுவரில் மாட்டினால் விதி என்பார்கள் போலிருக்கிறது.

டாக்டரம்மாவுக்குச் சாயங்காலத்தில் வெளியே ஒரு சின்னக் கிளினிக்கில் இரண்டு மணி நேர வேலை இருந்தது. ஜூலை 11 அன்று அங்கே போனார்கள். கட்டணம் 1,100. "நான் வாங்கிக்க மாட்டேன்கா" என்றாள் டாக்டரம்மா. "வாங்கிக்கங்க, ரசீதும் கொடுங்க. இதை நான் சும்மா விடப் போறதில்ல" என்றாள் பிரேக் அக்கா.

மிளகு படுத்துக்கொண்டாள். குளிர்ந்த பசையை மார்பில் தடவியபோது நெளிந்தாள். திரையில் இருதயம் கறுப்பு வெள்ளையில் துடித்தது. "வாயைத் திறந்து மூடற மீன் மாதிரி இருக்கு" என்றாள். முதல் அளவு முடிந்ததும் டாக்டரம்மா, "இது நல்லா இருக்கு" என்றாள். பிறகு அந்தக் கூடுதல் பத்து நிமிடம். தசையின் ஓரத்தில் புள்ளிகளை வைத்து, துடிப்பு துடிப்பாக ஓடவிட்டுப் பார்த்தாள். உண்மையாகவே கை நடுங்கவில்லை. பார்த்ததையே மறுபடி பார்த்தாள். பேச்சு நின்றுவிட்டது. பக்கத்து இருக்கையில் பதினோரு வருடம் உட்கார்ந்த பெண்ணுக்கு அந்த மௌனம் தெரியும். முன்னால் எதையோ பார்த்துவிட்ட ஓட்டுநரின் மௌனம். வலது கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை.

"சொல்லுங்க."

"தசை நீளவேண்டிய அளவுக்கு நீளலக்கா. தளர்றதும் கொஞ்சம் தாமதம். இதை நோய்னு சொல்ல மாட்டேன். நோய்க்கு முன்னாடி வர்ற கடுதாசி இது. இப்பவே பார்த்துட்டோம், அதனால வழி இருக்கு." கையுறையைக் கழற்றினாள். "மாத்திரை தினமும் போகுதுல்ல? ஒருநாள் கூட விடறதில்லையே?"

பிரேக் அக்கா மகளை வெளியே அப்பாவிடம் அனுப்பினாள். கதவு சாத்திய பிறகு சொன்னாள். நவம்பர், பிப்ரவரி, மே. நான்கு நான்கு நாள்.

டாக்டரம்மா அதிர்ந்துபோனாள். "யார் அக்கா உங்களுக்கு இப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்தது?"

"உங்க ஆஸ்பத்திரிதான்." குரல் உயரவில்லை. "கண்ணால பார்த்தாத்தான் நம்புவோம்னாங்க. காட்டினேன். சொன்னப்போ நலம்னு எழுதினவங்க, காட்டினப்போ அரை மாத்திரை கூட்டினாங்க. பிள்ளையோட நெஞ்சை எரிச்சு வெளிச்சம் காட்டியிருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்? என் கூட யாராவது இருதயம்னு ஒரு வார்த்தை பேசினாங்களா?" பசை துடைக்க வைத்திருந்த தாளை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த நாலு நாளாலதான் வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாதுக்கா. சூடு முன்னாடியே அடங்காமத்தான் இருந்திருக்கு" என்றாள் டாக்டரம்மா. பொய் சொல்ல மனமில்லாமல், "ஆனா நிறுத்தின ஒவ்வொரு தடவையும் அதுக்கு விறகு கிடைச்சிருக்கும்" என்றும் சொன்னாள்.

பிரேக் அக்கா அந்த ஸ்கேன் முடிவைக் காய்ச்சல் பிரிவின் தலைவரிடம் கொடுத்து, மாத்திரையை நிறுத்தியதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் அன்றைக்கே மாத்திரையைக் கூட்டினார், நலமாக இருக்கிற நாளிலும் ரத்தம் எடுத்துச் சூட்டை அளக்க உத்தரவிட்டார். நியாயமாகச் சொன்னால், தயங்கவில்லை. ஆனால் அவள் கிளம்பும்போது ஒரு வார்த்தை விட்டார்: "மாத்திரையை நிறுத்தறதுக்குப் பதிலா என்கிட்ட வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேம்மா?"

"நாலு தடவை சொன்னேன் டாக்டர். நாலு தடவையும் பதில் எழுதியிருக்கீங்க, பாருங்க."

அவர் தாள்களைப் புரட்டினார். நலம், நலம், நலம், நலம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டிக்கொள்ள வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் டாக்டரம்மா உரிமத் தேர்வில் ஜெயித்தாள். கம்பம் பிழைத்தது. தொலைபேசியில் கத்திச் சொன்னாள். பிரேக் அக்காவும் சந்தோஷமாகத்தான் சிரித்தாள். போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடுப்படியில் நின்று கணவரிடம் பொரிந்தாள்.

"முதல் தடவையே அவங்க வண்டிய ஒழுங்கா பின்னால எடுத்திருந்தா என் கிட்ட வந்திருக்கவே மாட்டாங்க. அவங்களுக்கு ரிவர்ஸ் வரல, அதனால என் பிள்ளைக்கு இருதயம் பார்த்தாச்சு. இது என்ன வைத்தியமா, குலுக்கல் சீட்டா? அந்தப் பெஞ்சுல இன்னும் ஏழெட்டுப் பிள்ளைங்க உட்கார்ந்திருக்கு. அவங்க அம்மாங்க எல்லாரும் டிரைவிங் ஸ்கூலா வச்சிருக்காங்க?"

"கத்தாதே, அடி பிடிக்குது" என்றார் அவர்.

"பிடிக்கட்டும்!"

அடுத்த முறை பெஞ்சில் அவள் ஒவ்வொருவராகக் கேட்டாள். பேருந்து கழுவுகிறவர் ஒருவர், மகனோடு வந்திருந்தார். "உங்க பையனுக்கு இருதயம் பார்த்தாங்களா?" அவர் விழித்தார். "அவனுக்குக் காய்ச்சல்தாம்மா." ஜூன் மாதம் படிக்கட்டில் அவள் சொன்ன அதே பதில். அங்கே எந்தப் பிள்ளைக்கும் இருதயம் பார்த்திருக்கவில்லை. யாருக்கும் தெரிந்திருக்கவும் இல்லை.

டாக்டரம்மா சொன்னது இதுதான்: மிளகுக்கு இனி வருடத்துக்கு ஒருமுறை இந்த ஸ்கேன் வேண்டும், வளர்ந்து முடிக்கிற வரை. மருத்துவச் செலவு வாரியம் ஒப்புக்கொண்டால்தான் ஆஸ்பத்திரியே அதைச் செய்யும். ஒரு பிள்ளைக்கு ஒப்புக்கொண்டால் மற்றப் பிள்ளைகளுக்கும் வழி திறக்கும். ஆகவே பிரேக் அக்கா அந்த 1,100-ஐத் திருப்பித் தரச் சொல்லி வாரியத்தில் மனுப் போட்டாள். காசு அவளுக்குப் பெரிதில்லை. தருகிறோம் என்று அவர்கள் எழுதினால், தேவை என்று ஒப்புக்கொண்டதாகும். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வரி.

வாரியத்தில் ஆறாம் எண் சன்னல். உள்ளே இருந்தவர் படிவத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளைக்கு இருதயத்துல என்ன கோளாறு?"

"கோளாறு வந்துடக் கூடாதுன்னுதான் பார்த்தோம்."

"அதான் கேக்கறேன். என்ன கோளாறு?"

"இன்னும் வரல. வர்ற வழியில இருந்துச்சு. பிடிச்சுட்டோம்."

"வராத கோளாறுக்குப் படிவத்துல கட்டம் இல்லையேம்மா."

"உங்க வீட்டுக் கதவுக்குப் பூட்டு இருக்கா சார்?"

"இருக்கு."

"என்ன திருட்டுப் போச்சுன்னு பூட்டு வாங்கினீங்க?"

பின்னால் வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். சன்னல்காரர் சிரிக்கவில்லை. ஆனால் முத்திரையைக் குத்தி வாங்கிக்கொண்டார். அக்டோபரில் ஒரு பதில் வந்தது: மேலும் ஆதாரம் தேவை.

ஆதாரம் 2024 ஜனவரி 23 அன்று கிடைத்தது. ஆறு மாதம் ஒருநாள் விடாமல் மாத்திரை. காய்ச்சல் ஒரே ஒருமுறை. மீண்டும் அதே கிளினிக், அதே பசை, அதே பத்து நிமிடம். இந்தத் தடவை டாக்டரம்மா வேலையின் நடுவிலேயே பேசினாள். "அக்கா, நீளுது! பாருங்க, இந்தக் கோடு போன தடவை இங்க இருந்துச்சு. இப்போ எங்க இருக்கு பாருங்க." ஏறக்குறைய மற்றப் பிள்ளைகளின் அளவு.

"அப்போ என் ஹார்ட் லைசென்ஸ் வாங்கிடுச்சா?" என்றாள் மிளகு.

"இல்லம்மா. வருஷா வருஷம் டெஸ்ட்டுக்கு வரணும்."

"உங்கள மாதிரியேவா?"

பிரேக் அக்கா அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டுக்குப் போனதும் இரண்டாவது முடிவையும் வாரியத்துக்கு அனுப்ப உறையில் போட்டாள். கணவர் தடுத்தார்.

"முதல் முடிவு மட்டும் போதும்மா. சரியாயிடுச்சுன்னு தெரிஞ்சா பேச்சை மாத்திடுவாங்க."

"வேண்டாங்க. இவங்களுக்கு வேண்டியதைக் காட்டப் போய் ஒருதடவை பட்டது போதும். உள்ளது உள்ளபடி போகட்டும். முன்கூட்டியே பார்த்ததாலதான் சரியாச்சுன்னு படிக்கத் தெரிஞ்ச எவனுக்கும் புரியும்."

வாரியத்தில் எல்லோருக்கும் படிக்கத் தெரிந்துதான் இருந்தது. பதிலில் இப்படி எழுதியிருந்தார்கள்:

"தங்கள் மகளின் இருதயம் இயல்பு நிலையில் உள்ளதாக இரண்டாவது பரிசோதனை உறுதிசெய்கிறது. ஆகவே முதல் பரிசோதனை மருத்துவ ரீதியில் அவசியமற்றது எனத் தீர்மானிக்கப்படுகிறது. மனு நிராகரிக்கப்படுகிறது. வருடாந்தரப் பரிசோதனைக்கான கோரிக்கையும் இதே காரணத்தால் ஏற்கப்படவில்லை. அறிகுறிகள் தோன்றினால் புதிதாக விண்ணப்பிக்கலாம். இம்முடிவில் ஆட்சேபம் இருப்பின் இக்கடிதத்தின் தேதியிலிருந்து முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்குப் பின் இதுவே இறுதியானது."

இருதயம் கெட்டிருந்தால் காசு கொடுத்திருப்பார்கள். கெடாமல் காப்பாற்றியதால் காப்பாற்றியதே வீண் என்றார்கள்.

பிரேக் அக்கா கடிதத்தை நின்றபடியே படித்தாள். வாசலில் வண்டிக்குள் புதிய மாணவர் ஒருவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தார். மேல்முறையீட்டுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று பார்க்கக் கடிதத்தின் தலைப்புக்குப் போனாள். அதில் போட்டிருந்த தேதி 2024 பிப்ரவரி 12. முப்பது நாள் மார்ச் 13, புதன்கிழமையோடு முடிகிறது.

கடிதம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது மார்ச் 14, வியாழக்கிழமை.